340, பூஜ்யம், 941: நாடாளுமன்றத்துல எழுத்துக் கேள்வி கேக்கிறதால என்ன பிரயோசனம்?

#1 கூடல்நகர்

வணக்கம். ரொம்ப நாளா உறுத்துற ஒரு சந்தேகம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க வாசிப்பு வட்டத்துல மலக்குழி மரணங்கள் பத்திப் பேசணும்னு தகவல் சேத்துக்கிட்டிருந்தேன். பத்திரிகைச் செய்தி வேண்டாம், அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொன்னது மட்டும் போதும்னு சமூக நீதி அமைச்சகத்தோட எழுத்துபூர்வ பதில்களை எடுத்தேன். 2021-ல வந்த மூணு பதில் இது:

பிப்ரவரி, மக்களவை. சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் பண்ணும்போது முந்தின அஞ்சு வருஷத்துல இறந்தவங்க 340 பேர்.

ஜூலை கடைசி, மாநிலங்களவை. கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரம், அதே மாநிலங்களவை. 1993-ல இருந்து 941 பேர் இறந்திருக்காங்க. தமிழ்நாடு 213, நாட்டுலயே அதிகம்.

ஒரே அமைச்சகம், ஆறே மாசம். ஜூலையில பூஜ்யம், அடுத்த வாரமே 941. பொய் சொல்றாங்கன்னா சபை உரிமை மீறல் ஆகாதா? இல்ல எனக்குத்தான் படிக்கத் தெரியலையா?

#2 சும்மா_இரு

கேள்வி கேக்கறது எம்.பி., பதில் சொல்றது மந்திரி. ரெண்டையும் உக்காந்து எழுதறது யாரோ ஒரு குமாஸ்தா. அதை இணையத்துல ஏத்தி வைப்பாங்க, உங்களை மாதிரி நாலு பேர் இறக்கிப் படிப்பாங்க. குழிக்குள்ள இறங்குறவன் இறங்கிக்கிட்டேதான் இருக்கான். போய் வேலையைப் பாருங்க சார்.

#3 கோப்புக்காரர்

அந்தக் குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் (இந்த அமைச்சகம் அல்ல) பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கேள்விகளுக்கு வரைவு பதில் எழுதியே தேய்ந்த விரல்கள்.

கூடல்நகர் அவர்களே, மூன்றில் எதுவும் பொய் இல்லை. அதுதான் விஷயமே.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்பதற்கு ஒரு வரையறை: சுகாதாரமற்ற கழிப்பறை, அதன் கழிவு விழும் திறந்த சாக்கடை அல்லது குழி, ரயில் தண்டவாளம், இப்படிப் போகும். சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் ஆளை இறக்குவதற்கு அதே சட்டத்தில் வேறு பெயர்: ‘அபாயகரமான சுத்தம்’. இரண்டும் குற்றம். ஆனால் இரண்டும் வெவ்வேறு உட்பிரிவு.

ஜூலையில் கேட்ட உறுப்பினர்கள் (மல்லிகார்ஜுன கார்கேயும் எல். அனுமந்தையாவும்) முதல் சொல்லைப் போட்டுக் கேட்டார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் கேள்வியை முதல்முறை படிக்கும்போதே தேடுவது அந்தச் சொல்லைத்தான். ‘கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு வாய் திறக்காதே’ என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஆகஸ்டில் சாக்கடையும் செப்டிக் டேங்க்கும் கணக்குக்குள் வந்தன, 941 வந்தது. அந்தப் பதிலிலும் ‘கையால் மலம் அள்ளியதால் மரணம் இல்லை’ என்ற வரி தவறாமல் இருக்கும், பாருங்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

#4 கூடல்நகர்

ஐயா, படிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடலை. செத்தது அதே ஆள். பேரை மாத்திக் கேட்டா இல்லாம போயிடறான்.

#5 தென்றல்87

ரெண்டு வருஷம் ஒரு எம்.பி.க்கு உதவியாளரா இருந்தவ நான். மேசைக்கு எங்க பக்கம் எப்படின்னு சொல்றேன்.

மக்களவையில ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாக் கேள்வி. மாநிலங்களவையில 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வி கேக்கலாம். மத்ததுக்குத் தாள்தான். நட்சத்திரப் பட்டியல் பச்சைத் தாள்ல அச்சாகும், மத்தது வெள்ளைத் தாள்ல. தினம் 20 பேர் பச்சையில இருந்தாலும் மணி 12 அடிக்கிறதுக்குள்ள நாலஞ்சு கேள்விதான் ஓடும். கூச்சல் நாள்னா அதுவும் இல்லை. வெள்ளைத் தாளை எந்தக் கூச்சலும் நிறுத்தாது. சபை ஒத்திவைச்சாலும் பதில் வந்துடும்.

குறைஞ்சது 15 முழு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். அப்புறம் குலுக்கல். நல்ல கேள்வி, மொக்கைக் கேள்வின்னு குலுக்கலுக்குத் தெரியாது. பதினஞ்சு பேர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தா ஒருத்தர் பேர்ல மத்தவங்களையும் சேத்துடுவாங்க.

இப்ப மக்களவை நடைமுறை விதி 41. இதை நான் சுவத்துல ஒட்டி வச்சிருந்தேன். கேள்வி 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. வாதம் கூடாது, அனுமானம் கூடாது, அடைமொழி கூடாது, *கிண்டலும் கூடாது*. ஊகமான கேள்வி கூடாது, அபிப்பிராயம் கேக்கக் கூடாது. என் முதல் கேள்வியில ‘அவலநிலை’ன்னு ஒரு சொல் போட்டிருந்தேன், தலையைத் தட்டி அனுப்பினாங்க.

சும்மா_இரு சொன்னதுல ஒரு பாதி நிஜம். கூட்டத்தொடருக்கு இத்தனை கேள்வின்னு எண்ணிக்கைக்காகவே கேக்கிற எம்.பி.க்கள் இருக்காங்க. தொகுதியில போஸ்டர் அடிக்க உதவும். ‘(அ) உண்மையா, (ஆ) ஆம் எனில் விவரம் என்ன, (இ) இல்லையெனில் காரணம் என்ன’ன்னு ஒரே அச்சு. அதுக்கு வர்ற பதிலும் அச்சுதான்: ‘(அ) முதல் (இ) வரை:’ன்னு மொத்தமா கட்டி ரெண்டு பத்தி திட்ட விளக்கம், எந்தக் கேள்விக்கு எந்த வரி பதில்னு சாமியே வந்தாலும் பிரிக்க முடியாது.

#6 சும்மா_இரு

அக்கா சொன்ன அந்த ‘மொத்தமா கட்டி’தான் என் பிரச்சினை. துணைக் கேள்வி இல்லாத கேள்வியில என்ன பல் இருக்கு? 1957-ல முந்த்ரா ஊழல் வெளிய வந்ததே சபையில நேருக்கு நேர் கேட்டதாலதான். எல்ஐசி பணத்தை ஒரு தனி ஆளோட கம்பெனிகள்ல கொட்டினது. ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்துக்கிட்டு, மாமனார் பிரதமரா உக்காந்திருக்கிற சபையில பெரோஸ் காந்தி விடாம பிடிச்சார். நீதிபதி சாக்ளா விசாரணை வந்துச்சு, 1958 பிப்ரவரியில நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர் பதவியை விட்டுட்டுப் போனார். வெள்ளைத் தாள் எந்த மந்திரியை வீட்டுக்கு அனுப்பியிருக்கு, ஒண்ணு காட்டுங்க.

அதுக்குப் பதிலா, கேள்வி கேக்கக் காசு வாங்கி 2005 டிசம்பர்ல 11 எம்.பி.க்கள் வீட்டுக்குப் போனதுதான் எனக்கு ஞாபகம் வருது.

#7 கோப்புக்காரர்

நியாயமான கேள்வி. மந்திரியை அனுப்பிய வெள்ளைத் தாள் என் நினைவிலும் இல்லை. ஆனால் 2005-ஐ வேறு மாதிரியும் படிக்கலாம். மதிப்பில்லாத பண்டத்துக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். கேள்வி வந்தவுடன் பிரிவில் ஒரு சிவப்புச் சீட்டுப் பரபரப்பு. மற்ற கோப்புகள் எல்லாம் ஓரம் போகும். மாநிலங்களுக்குத் தகவல் கேட்டுக் கடிதம், பதில் வராது, போன், அதற்கும் வராது. சார்புச் செயலர் வரைவு, இணைச் செயலர் திருத்தம், மேலே அமைச்சர் கையெழுத்து. அதுவரை யாருமே கூட்டிப் பார்க்காத ஒரு எண்ணை, கேள்வி வந்த காரணத்தால் முதல்முறையாகக் கூட்டிப் பார்த்த நாட்கள் உண்டு. கூட்டியதும் அறையில் எல்லோரும் வாயடைத்து உட்கார்ந்த நாளும் ஒன்று உண்டு. அமைச்சகத்துக்கே தன் வீட்டுக் கணக்கு தெரிய வருவது சில சமயம் இப்படித்தான்.

நாங்கள் உண்மையில் பயந்தது வேறொன்றுக்கு. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அது உறுதிமொழி ஆகிவிடும். அரசு உறுதிமொழிக் குழு (மக்களவையில் 1953 முதல், மாநிலங்களவையில் 1972 முதல்) அதைக் குறித்துக்கொண்டு மூன்று மாதக் கெடு வைக்கும். நிறைவேற்றாவிட்டால் செயலரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும். அதனால் வரைவில் ‘பரிசீலனை’ என்ற சொல் தென்பட்டாலே மேலதிகாரி பேனாவை எடுப்பார். ‘இத்தகைய தரவு மையமாகப் பராமரிக்கப்படுவதில்லை’ என்பது பாதுகாப்பான வாக்கியம். அதில் வாக்குறுதி இல்லை, பொய்யும் இல்லை.

#8 தாலுகா_நிருபர்

அந்தப் ‘பாதுகாப்பான வாக்கியம்’ வெடிச்ச கதையை நான் சொல்றேன்.

2020 செப்டம்பர். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து பண்ணிட்டாங்க. நட்சத்திரக் கேள்வியும் போச்சு, துணைக் கேள்வியும் போச்சு. மிஞ்சினது இந்த வெள்ளைத் தாள் மட்டும்தான். முதல் நாளே மக்களவையில ஒரு கேள்வி: ஊரடங்குல ஊருக்குத் திரும்பும்போது புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் இறந்தாங்க? தொழிலாளர் அமைச்சகம் பதில்: அப்படித் தரவு எதுவும் பராமரிக்கப்படலை. ஒரு கோடிக்கு மேல தொழிலாளர்கள் ஊர் திரும்பினாங்கன்னு அரசே கணக்கு சொல்லுது, இறந்தவங்களுக்கு மட்டும் கணக்கு இல்லை. அந்த ஒத்தை வரி மறுநாள் எல்லாப் பத்திரிகையிலயும் தலைப்பு. ஒரு வாரம் ஆகலை, மாநிலங்களவையில ரயில்வே அமைச்சர் எழுத்துல கொடுத்தார்: தொழிலாளர்களை ஊருக்கு அனுப்ப விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள்ல செப்டம்பர் 9 வரைக்கும் 97 பேர் இறந்ததா மாநிலக் காவல்துறைகள் தந்த தகவல்.

தொழிலாளர் துறையைக் கேட்டா இல்லை, ரயில்வேயைக் கேட்டா 97. சும்மா_இரு அண்ணே, பல் இருக்கிறது தாள்ல இல்லை. எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சு தட்டறதுலதான் இருக்கு.

தொழில் ரகசியம் ஒண்ணு: பதிலைப் படிக்காதீங்க, இணைப்பைப் படிங்க. முதல் பக்கத்துல திட்டப் பெருமை, நிதி ஒதுக்கீடு. கடைசிப் பக்கத்துல ‘இணைப்பு 1’னு ஒரு அட்டவணை சாஞ்சு கிடக்கும், பாதி நேரம் ஸ்கேன் கோணலா. தமிழ்நாடு எந்த வரிசையில இருக்குன்னு ஸ்கேல் வச்சுப் பாக்கணும். எனக்கு வருஷத்துக்கு நாலு நல்ல செய்தி அங்கருந்துதான்.

#9 தேம்ஸ்கரை

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கோணும். நான் லண்டனிலை இருக்கிறன். இஞ்சை பாராளுமன்றத்திலை சாதாரண எழுத்துக் கேள்விக்குக் குலுக்கல் இல்லை, எத்தினையும் போடலாம். நாள் குறிச்சுக் கேக்கிற கேள்வி மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐஞ்சு. எனக்குப் பிடிச்ச விஷயம், ‘இன்ன திகதி, இன்ன இலக்கப் பதிலைத் தொடர்ந்து’ எண்டு ஆரம்பிச்சு அதே அமைச்சரை அடுத்த கிழமையே திருப்பிக் கேக்கலாம். மழுப்பின பதிலுக்கு மேலை அடுத்த கேள்வி ஏறி நிக்கும். நீங்கள் சொல்லுற துணைக் கேள்வியை எழுத்திலையே செய்யிற மாதிரி.

அதுக்காக இஞ்சை எல்லாம் தேன் எண்டில்லை. பதில் தேட 850 பவுணுக்கு மேலை செலவாகும் எண்டால் ‘அளவுக்கு மிஞ்சின செலவு’ எண்டு சொல்லித் தட்டிக் கழிக்கலாம்.

#10 தென்றல்87

தேம்ஸ்கரை அண்ணா, இங்கயும் அதைச் செய்யலாம், ஆனா கையால பின்னணும். ஒரு அமைச்சகத்துக்கு ஒவ்வொரு அவையிலயும் வாரத்துக்கு ஒரு நாள்தான் முறை. அதனால முந்தின பதிலோட எண்ணையும் தேதியையும் போட்டு அடுத்த கேள்வியை எழுதுவோம். ஏற்கெனவே பதில் சொன்னதையே திருப்பிக் கேட்டா தள்ளிடுவாங்க, அதனால ஒரு அடி தள்ளி நின்னு கேக்கணும். எங்க எம்.பி.கிட்ட ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் வந்தது, நடுவுல சிவப்புல ‘இதுக்கு பதில் இல்லை’. அடுத்த கூட்டத்தொடர் கேள்விகள் முழுக்க அந்தச் சிவப்பு வரிகள்லருந்துதான் பிறக்கும்.

மலக்குழி விஷயத்துலயே பாருங்க. எத்தனை பேர் செத்தாங்கன்னு வருஷா வருஷம் பலர் கேட்டுக் கேட்டு, ‘கருவி கொடுத்தாங்களா’ன்னு அரசே சமூகத் தணிக்கை பண்ற நிலைமை வந்துச்சு. 2022, 2023-ல நடந்த மரணங்கள்ல 54-ஐ எடுத்துப் பாத்தாங்க. 49 பேர் உடம்புல எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 2025 ஜூலையில அது நாடாளுமன்றத்துக்கு வந்துச்சு. கேள்விகளாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். துப்புரவுத் தொழிலாளர் உரிமைக்காகப் போராடுற பெஜவாடா வில்சன் மாதிரி ஆட்கள் தெருவுல நின்ன வருஷங்கள் அதுக்குப் பின்னாடி இருக்கு.

#11 கூடல்நகர்

அப்ப நாமளே ஒண்ணு எழுதினா என்ன? எங்க எம்.பி. ஆபீஸ் வீட்டுலருந்து ரெண்டு கிலோமீட்டர். முதல் வரைவு:

‘தமிழ்நாட்டில் தொடர்ந்து நடக்கும் கொடூரமான மலக்குழி மரணங்களைத் தடுக்க மத்திய அரசு ஏன் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை? குற்றவாளிகள் எப்போது தண்டிக்கப்படுவார்கள்?’

#12 கோப்புக்காரர்

தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். இது என் மேசைக்கு வந்திருந்தால் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போயிருப்பேன்.

‘கொடூரமான’ அடைமொழி. ‘ஏன் எந்த நடவடிக்கையும்’ அனுமானம். தப்பித் தவறி அனுமதி கிடைத்தாலும், ‘எப்போது தண்டிக்கப்படுவார்கள்’ என்பதற்கு ‘சட்டம் ஒழுங்கு மாநிலப் பொறுப்பு’ என்று ஒரு வரி, ‘நடவடிக்கை’க்கு ஒன்றரைப் பக்கம் திட்ட விளக்கம். உங்கள் கேள்வியே அமைச்சகத்துக்கு மேடை போட்டுக் கொடுக்கிறது.

எங்களால் தப்பிக்க முடியாத கேள்வி எது தெரியுமா? எண் கேட்பது. அதுவும் எங்களிடம் இருந்தே ஆக வேண்டிய எண். துப்புரவுத் தொழிலாளர் தேசிய ஆணையம் மரணக் கணக்கு வைக்கிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்கான ‘நமஸ்தே’ திட்டம் அமைச்சகத்தின் சொந்தத் திட்டம். ‘மாநிலங்களைக் கேளுங்கள்’ என்று சொல்ல வழியே இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

#13 தென்றல்87

இந்தாங்க, ஐயா சொன்னதை வச்சு:

(அ) 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘கையால் மலம் அள்ளுபவர்’ என்ற வரையறைக்குள் வந்தாலும் வராவிட்டாலும், சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறங்கி 2021 முதல் இறந்தவர்களின் எண்ணிக்கை, மாநில வாரியாக, ஆண்டு வாரியாக;

(ஆ) அவர்கள் குடும்பங்களில் முழு இழப்பீடு பெற்றவை, பகுதி பெற்றவை, எதுவும் பெறாதவை, தனித்தனியாக;

(இ) 2023 அக்டோபர் தீர்ப்புக்குப் பின் 30 லட்சம் ரூபாய் பெற்ற குடும்பங்கள் எத்தனை;

(ஈ) இம்மரணங்களுக்காக அச்சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் எத்தனை, தண்டனையில் முடிந்தவை எத்தனை;

(உ) ‘நமஸ்தே’ திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்டவர்களில் பாதுகாப்புக் கருவி பெற்றவர்கள், மாநில வாரியாக?

#14 சும்மா_இரு

ஒத்துக்கறேன், இதுக்கு ‘(அ) முதல் (உ) வரை’ன்னு கட்டுறது கொஞ்சம் கஷ்டம். (ஈ)-க்கு ‘தரவு பராமரிக்கப்படுவதில்லை’ன்னு வரும், நூறு ரூபா பந்தயம்.

#15 தாலுகா_நிருபர்

வரட்டும் அண்ணே. சொந்தச் சட்டத்துக்கே எத்தனை தண்டனைன்னு தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தா எனக்கு அது முதல் பக்கம். ஒண்ணு மட்டும்: பதில் சபையில வைக்கப்படறதுக்கு முன்னாடி யார் கைக்கு வந்தாலும் வெளிய விடக் கூடாது, உரிமைப் பிரச்சினை ஆகிடும். எனக்குக்கூட அனுப்பாதீங்க.

#16 கோப்புக்காரர்

(அ)-வில் ஒரு சொல்லை மாற்றுங்கள். ‘இறங்கி’ வேண்டாம். மூடியைத் திறந்து குனிந்தவர் வாயு தாக்கி உள்ளே விழுந்தால், அவர் ‘இறங்கவில்லை’. நான் எழுதியிருந்தால் அவரைக் கழித்துவிட்டுத்தான் கூட்டியிருப்பேன். ‘சுத்தம் செய்யும் பணி தொடர்பாக’ என்று போடுங்கள்.

#17 கூடல்நகர்

ஐயா, அப்ப இன்னொண்ணு. உள்ள விழுந்தவரைத் தூக்கப் போய் சேந்து சாவாங்களே, கூட வந்த ஆளு, சில நேரம் வீட்டுக்காரரே. அவங்க எந்தக் கணக்குல வருவாங்க?

#18 கோப்புக்காரர்

கேட்காவிட்டால் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். ‘அவர்களை மீட்க முயன்று இறந்தோர் உட்பட’ என்று சேருங்கள். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது இது.

#19 தென்றல்87

சேத்துட்டேன். நோட்டீஸ் இங்கிலீஷ்லதான் போகும், மொழிபெயர்த்து கூடல்நகருக்குத் தனிமடல்ல அனுப்பியிருக்கேன். 127 வார்த்தை. எம்.பி. எதையாவது சேக்கணும்னா 23 மிச்சம் இருக்கு.

#20 கூடல்நகர்

இன்னைக்குக் காலையில ஆபீஸ்ல கொடுத்துட்டேன். இருந்த பையன் ரெண்டு தடவை படிச்சார். ‘சார், யார் எழுதிக் கொடுத்தா?’ன்னார். நாலஞ்சு பேர் சேர்ந்துன்னேன். கூட்டத்தொடர் தேதி அறிவிச்சதும் போட்டுடலாம், குலுக்கல்ல விழணும் சார்னு சொல்லிட்டு, அதைத் தனியா ஒரு கிளிப்புல மாட்டி வச்சார். கிளம்பும்போது கூப்பிட்டு, ‘இதுல மாநில வாரியான்னு இருக்கே, மாவட்ட வாரியா கேட்டா நம்ம மாவட்டம் தனியா வருமா?’ன்னு கேட்டார்.

கோப்புக்காரர் ஐயா, வருமா?